முப்பத்தொன்றாவது வளைவு

எங்கள் மலையில், பெரக்கரை நாட்டில் கவிதை எழுதுகிறவர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. மரவள்ளி நட்டோமா, மிளகு பறித்தோமா என்று இருக்க வேண்டியவளுக்கு நோட்டும் பேனாவும் எதற்கு என்று என் நாத்தனார் காதுபடவே கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டேன். ஆனால் நான் எழுதுவதைக் கேட்க எனக்கு ஒருத்தி இருந்தாள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரி. என்னைவிட ஆறேழு வயது இளையவள், எழுதப் படிக்கத் தெரியாது. தை, மாசியில் மிளகு பறிக்க ஒருநாள் என் தோட்டம், மறுநாள் அவள் தோட்டம் என்று மாறி மாறிப் போவோம். ஒற்றை மூங்கில் ஏணியை, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்தி அவள் ஏறுவாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, புதிதாக எழுதியதைச் சொல்வேன். இலைக்குள் அவள் முகம் தெரியாது. பிடிக்கவில்லை என்றால், "இது வேண்டாமுங்கக்கா" என்று குரல் மட்டும் வரும். பிடித்திருந்தால் பறிக்கிற கை நின்றுவிடும். அப்படியொரு பாராட்டு எந்த மேடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

மிளகு பறிக்கிற பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மரத்தின் மேலிருந்து சொன்னதைத் தரையில் பேசக்கூடாது. மாமியார் கொடுமை, புருஷன் குடி எல்லாவற்றையும் மேலேயே கொட்டிவிட்டு, இறங்கியதும் ஒன்றும் நடக்காததுபோலக் கூழ் குடிப்போம். யாரும் போட்ட சட்டமில்லை. ஆனாலும் மீறியவள் கிடையாது.

அப்படித்தான் ஒருநாள் அவள் மரத்தின் மேலிருந்து தன் மகளைப் பற்றிச் சொன்னாள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றி, வாடகை ஜீப்பில் மலை இறங்கியிருக்கிறார்கள். புருஷன் முன்னால், டிரைவர் பக்கத்தில். இவள் பின்னால், மடியில் பிள்ளையோடு. எங்கள் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் அடிவாரத்திலிருந்து எண்ணி எண் எழுதியிருக்கும். முப்பத்தொன்றாவது வளைவில் பிள்ளையின் மூச்சு நின்றது. இவளுக்குத் தெரிந்துவிட்டது. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லும்வரை இவள் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பிள்ளைக்கு உயிர் இருந்தது என்றே புருஷன் நம்பிக்கொண்டிருந்தான்.

அதை நான் எழுதினேன். எழுதாமல் இருக்க முடியவில்லை என்று சொன்னால் பொய். இருந்திருக்கலாம். நான் எழுதியவற்றில் அது ஒன்றைத்தான் அவளிடம் சொல்லிக் காட்டவில்லை. வேண்டாமென்று சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கவியரங்கம் நடந்தது. பேர் போடவில்லை, ஊர் போடவில்லை என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு வாசித்தேன். வளைவின் எண்ணை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை. அந்த எண்ணால்தான் கவிதை நிஜமாக இருக்கிறது என்று ஒரு நினைப்பு. 'சொல்லாதவரை மகள் உயிரோடு இருந்தாள்' என்று முடித்திருந்தேன். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. ஒருவர் போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார். நான் பூரித்துப்போய் பஸ் ஏறினேன். அதே வளைவு வழியாகத்தான் வீடு வந்தேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த வீடியோ மலையேறி வந்துவிட்டது. அன்று ஜீப் ஓட்டியவரே அதை அவள் புருஷனிடம் காட்டினாராம். மலையில் பேர் எதற்கு, வளைவின் எண்ணும் ஜீப்பில் தாய் மடியில் போன பிள்ளையும் போதும். அவன் அவளை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பேச்சை நிறுத்திவிட்டான். பிள்ளை செத்ததையே மறைத்தவள் இன்னும் எதையெல்லாம் மறைத்தாளோ என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் அவளைக் கெடுத்தேன்.

அவள் வீட்டுக்குப் போக எனக்குப் பதினைந்து நாள் பிடித்தது. களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அந்தக் கவிதைய எனக்கும் ஒருக்காப் படிச்சுக் காட்டுங்கக்கா. ஊரே கேட்டிருச்சு."

குனிந்த தலை நிமிராமல் படித்து முடித்தேன். அவள் காய்கிற மிளகைக் கையால் ஒருமுறை கிளறிவிட்டாள்.

"வளைவுல வெச்சுச் சொன்னா அவரு கதறுவாரு, டிரைவரு கை நடுங்கிப்போயிரும், இன்னும் முப்பது வளைவு கெடக்குது, எல்லாருமே பள்ளத்துல போயிருவோம்னு பயந்துதான் வாயத் தொறக்கலைன்னு உங்ககிட்டச் சொன்னேனுங்களே. அத அவருகிட்டயும் இப்பச் சொல்லிப் பாத்தேன். கவிதையில அப்படி ஒண்ணுமே இல்லியேங்கறாரு. அத மட்டும் ஏனுங்கக்கா எழுதாம உட்டீங்க?"

எழுதியிருந்தேன். முதலில் எழுதியபோது நாலு வரியாக அது இருந்தது. கவிதையின் அழகைக் கெடுக்கிறது என்று நான்தான் அடித்துவிட்டேன்.

"மறந்துட்டேன் கண்ணு" என்றேன்.