எல்லோரும் முதலாளி பெயரில்

எங்கள் அலுவலகம் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. தீபாவளிக்குக் கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் பலகாரப் பெட்டிகளை நாங்கள்தான் கட்டி அனுப்புகிறோம். முதலாளி ஒருநாள் ஏதோ கருத்தரங்குக்குப் போய், மதியச் சாப்பாடும் ஞானமும் பெற்றுத் திரும்பினார். மறுவாரமே எங்கள் கம்ப்யூட்டர்களில் இருந்ததெல்லாம் கிளவுடுக்கு ஏறிவிட்டது.

"இனிமே வாய்ப்பேச்சு கிடையாது. ஃபைல்ல என்ன இருக்கோ அதான் உண்மை. 'நீங்கதானே பாஸ் சொன்னீங்க'ன்னு யாரும் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது," என்றார்.

ஆளுக்கொரு கணக்கு வாங்க வேண்டும் என்று விற்க வந்தவர்கள் சொன்னதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே கணக்கு, அதுவும் அவர் பெயரில். கடவுச்சொல்லை மஞ்சள் தாளில் எழுதித் தண்ணீர் மெஷினுக்கு மேலே ஒட்டினார். அன்றிலிருந்து யார் எதை எழுதினாலும் திரையில் முதலாளியின் பெயர்தான் வந்தது. ஸ்டோர்காரர் முந்திரிக் கணக்கைத் திருத்தினாலும் முதலாளி, நான் ஒரு காற்புள்ளியை அழித்தாலும் முதலாளி. அத்தனை சுறுசுறுப்பாக அவரை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை.

லாரிகளுக்கு வழி பிரித்துக் கொடுக்கும் அக்கா ஈசூனிலிருந்து வருபவர். அவருடைய மகளைப் பினாங்கில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவதுதான் வழக்கம். ஆனால் டாக்டர் பயணமே கூடாது என்று சொல்லிவிட்டதால் தாய்தான் போயாக வேண்டும். பிள்ளை பிறக்கவிருந்ததோ தீபாவளிக்கு முந்தைய வாரம்.

"பாஸ், ஒரு வாரம் லீவு வேணும்."

"தீபாவளி முடியட்டும் லா."

"அதுக்குள்ள புள்ள பொறந்துரும் பாஸ்."

"ஃபைல்ல போடுங்க, பாக்கலாம்," என்றார் முதலாளி, தலை நிமிராமல்.

எங்கள் அலுவலகத்தில் 'பாக்கலாம்' என்றால் கிடையாது என்று அர்த்தம். அக்கா விடுப்புக் கோப்பில் போட்டார். பக்கத்தில் 'பரிசீலனையில்' என்று வந்தது. அன்று மதியம் அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அதே இடத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் இருந்தது.

"யாரு போட்டது இது?" என்று முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். எல்லோருக்கும் அவரவர் திரை மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. யார் மாற்றியது என்று பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். பார்த்தேன்.

"நீங்கதான் பாஸ்."

"நானா?"

"ஃபைல்ல அப்படித்தான் இருக்கு."

அதைச் செய்தது நானில்லை. எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இன்றும் வருத்தம்தான். முதலாளி குனிந்து திரையில் தன் பெயரைப் படித்தார். பிறகு, "ஆமா, நேத்து சாயங்காலம் போட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா பினாங்குக்குப் பஸ் ஏறினார். அவர் வேலையை நாங்கள் பங்கு போட்டுக்கொண்ட அழகில், புக்கிட் பாஞ்சாங்குக்குப் போக வேண்டிய பெட்டிகள் சைனாடவுனைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன. வழியை மாற்றியது யார் என்று தேடினால், அதுவும் முதலாளிதான்.

தீபாவளி முடிந்து வந்த அக்கா நேராக அவர் அறைக்குப் போனார். "ஆம்பளப் புள்ள பாஸ். நீங்க மனசு வைக்கலேன்னா எம்பொண்ணு அங்க தனியா கெடந்திருப்பா," என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "சரி சரி, வேலையப் பாருங்க," என்றார்.

இனி இப்படிக் குழப்பம் வரக்கூடாது என்று, ஆளுக்கொரு கணக்குக்கான விலைப்பட்டியலை அன்று மதியம் நான் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை முழுவதும் படித்துவிட்டு என் பக்கமே தள்ளினார்.

"வேணாம்மா. எல்லாரும் எம்பேர்லயே இருங்க."

"அப்பறம் யாரு என்ன செஞ்சாங்கன்னே தெரியாதே பாஸ்."

"தெரிய வேணாம்." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "நேர்ல வந்து கேட்டா எனக்கு முடியாதுன்னுதான் வாயில வருது."