ராப்பகல் சமநாளும் தங்கச்சி போட்ட துளையும்

இரவும் பகலும் சமமாகும் வசந்த நாளைப் பற்றி இணையத்தில் தேடினால் சாயம் பூசிய முட்டை, முயல், கல்தூண்களுக்கு நடுவே விடியலுக்குக் காத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் என்றுதான் வரும். கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய சமயத்துக்காரர்களின் புதுவாழ்வுச் சின்னங்களாம். நானும் வாயைப் பிளந்து பார்த்தவன்தான். "இதென்ன பெரிய அதிசயம்? எங்க பக்கத்துலயும் இருக்குண்ணே, வந்து பாருங்க" என்றாள் தங்கை அமுதா. ராஜபாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவள். பங்குனி ஆறாம் தேதி மதுரையிலிருந்து கிளம்பினேன்.

மதியம் இரண்டு மணிக்கு பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். இறங்கி நூறு ரூபாய்க்குப் பால்கோவா வாங்கினேன் (வாங்காமல் போனால் தங்கை வீட்டில் சோறு கிடைக்காது). அங்கிருந்து ராஜபாளையம் அரை மணி நேரம்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவளுடைய லோடு ஆட்டோவில் புறப்பட்டோம். தேவதானம் பக்கம் போய், அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் மண் பாதை. வேப்பமரத்தடியில் கூரையில்லாத மேடை, நேர் கிழக்கு பார்த்த அம்மன். ஒன்பது நாள் இருட்டறையில் வளர்த்த முளைப்பாரியைப் பெண்கள் சுமந்து வந்திருந்தார்கள். அம்மனுக்கு முன்னால் இரண்டு குவியல்: ராத்திரிக்குக் கறுப்பு உளுந்து ஒரு படி, பகலுக்குப் பச்சரிசி ஒரு படி. சூரியனின் முதல் வெளிச்சம் அம்மன் முகத்தில் பட்டதும் இரண்டையும் கலந்து உளுந்தஞ்சோறு பொங்குவார்கள்.

இந்த முறை புதிதாக ஒன்று இருந்தது. லாரித் தூசி தாங்காமல் அம்மனுக்குப் பன்னிரண்டு அடி முன்னால் தகரத் தடுப்பு வைத்து, வெளிச்சம் வர அதில் ஒரு துளையும் போடச் சொல்லியிருந்தார்கள். செய்தது அமுதா.

"மொத தடவையா ஒரு பொம்பளைய நம்பிக் கோயில் வேலை குடுத்திருக்காவ. வெளிச்சம் மூஞ்சில விழலைன்னா, பொறவு இந்தப் பக்கம் எனக்கு ஒரு இரும்புக் கேட்டு வேலைகூட வராதுண்ணே" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

ஆறு இருபத்தைந்துக்குச் சூரியன் வந்தது. துளை வழியாக வந்த வெளிச்சம் அம்மனுக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளி, வேப்பமரத்தில் போய் விழுந்தது.

கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார்: "பொம்பளைட்ட குடுத்தா இப்படித்தான்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பூசாரி மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"எந்த நாளு பாத்து அளந்த, தாயி?"

"போன சித்திரை ஒண்ணு விடியல்ல வந்துதான் அளந்தேன், ஐயா. பஞ்சாங்கத்துல அன்னைக்குத்தான் விஷு, ராவும் பகலும் சமம்னு போட்டிருந்துச்சு."

அங்கேதான் சறுக்கிவிட்டாள். ஒரு காலத்தில் விஷுவன்றுதான் ராவும் பகலும் சமம், சூரியனும் நேர் கிழக்கில் உதித்தது. நூற்றாண்டுகள் போகப் போக அந்த நாள் பங்குனிக்கு நகர்ந்துவிட்டது. பெயர் மட்டும் சித்திரையிலேயே தங்கிவிட்டது; இப்போது சித்திரை ஒன்றில் சூரியன் கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் உதிக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் அம்மன் முகத்தைப் பார்த்தே நாளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். முட்டையும் முயலும் பார்த்து ஏங்கியவனுக்கு இது எவ்வளவு பெருமை! ஆனால் அந்த நிமிடம் தங்கையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழவில்லை. "தப்பு என்னோடது. அஞ்சு நிமிசம் குடுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஆட்டோவிலிருந்து டேப்பையும் கட்டிங் மெஷினையும் எடுத்து வந்தாள். மைக் செட்டுக்காரரின் ஜெனரேட்டரில் ஒயரைச் செருகினாள்.

"வெளிச்சம் எம்புட்டு தள்ளி விழுதோ, துளையை அம்புட்டு நகத்தணும். டேப்பைப் பிடிங்கண்ணே!"

பிடித்தேன். சூரியன் ஏறிக்கொண்டிருப்பதைக் கணக்கில் வைத்து நாலு விரல் மேலே குறித்தாள். தீப்பொறி பறக்க நான்கு கோடு வெட்டினாள். தகரத் துண்டு கீழே விழுந்த சத்தத்தைக் குலவைச் சத்தம் மூடிவிட்டது. அம்மன் முகம் முழுக்க வெயில். சற்று முன் முணுமுணுத்தவரும் தலைக்கு மேல் கைகூப்பி நின்றார். என் தங்கச்சி, என் தங்கச்சி என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன், வெட்கமே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆறு மணிக்குள் அங்கே இருங்கள். ராஜபாளையத்தில் முந்தின இரவு தங்குவது நல்லது. விடியற்காலை பஸ்ஸை நம்ப வேண்டாம். செருப்பைத் தடுப்புக்கு வெளியே விடுங்கள். உளுந்தஞ்சோறு சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். சம அளவு உளுந்து என்பதால் கொஞ்சம் கனம், மதியச் சாப்பாடு தேவைப்படாது.

சோறு தின்று முடித்ததும் அமுதா வெட்டிய தகரத்தை எடுத்துக்கொண்டு பழைய துளையை அடைக்கப் போனாள். பூசாரி கையை நீட்டித் தடுத்தார்.

"மூடாத, தாயி. நீ அன்னைக்கு வெயிலப் பாத்துத்தான அளந்த? சித்திர ஒண்ணுக்கு ஆத்தா அதுவழியாப் பாக்கட்டும்."

அவ்வளவு நேரம் அழாதவள் அப்போது அழுதாள்.