இருபதாவது பெயர்

இலுப்பூரில் உரக்கடையில் வேலை பார்த்த காலத்திலேயே ரெங்கசாமிக்கு ஒளிக்கரம் சங்கத்தின் மேல் தனிப் பிரியம். பல நாடுகளில் கிளை விட்ட சேவைச் சங்கம் அது. கண் முகாம் என்றால் காலையிலேயே போய்ப் பந்தல்காரரோடு நிற்பார். பிறகு தூரத்து உறவான கண்ணுசாமி, ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் தான் மேனேஜராக இருந்த மோட்டார் கம்பெனிக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அங்கே ஒளிக்கரம் கிடையாது. "நம்மளே ஆரம்பிச்சா என்ன?" என்று ரெங்கசாமி கேட்டபோது, கேலி பண்ணாமல் கேட்டவர் கம்பெனி டிரைவர் மோசஸ் ஒருவர்தான். இருபது பேர் சேர்ந்தால்தான் தலைமையகம் அனுமதி தரும். ஞாயிறுதோறும் மோசஸ் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாத்தியார், நர்ஸ், தையல்காரர் என்று வீடு வீடாகப் போனார். ரெங்கசாமியின் அரைகுறை இங்கிலீஷை அந்த ஊர்ப் பேச்சில் சொல்லி ஆள் சேர்த்ததும் அவர்தான். எட்டு மாதத்தில் ரெங்கசாமியையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். "இருபதாவது நான்," என்று சிரித்தார் மோசஸ்.

பட்டியலைக் கண்ணுசாமி வாங்கிப் பார்த்தார். "டிரைவரெல்லாம் நம்மகூட மேசையில உக்காந்தா, நாளைக்கு நம்ம பேச்சக் கேப்பானா? எம்மச்சான் பேரப் போடு."

ரெங்கசாமி பேனாவை எடுத்தார். பெயர் மாறியது. தொடக்க விழாவுக்கு விருந்தாளிகளை ஏற்றி வந்த மோசஸ், விழா முடியும்வரை வண்டியிலேயே இருந்தார். மறுநாள் வழக்கம்போல வணக்கம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரவில்லை. இவரும் கூப்பிடவில்லை.

இன்றைக்கு அந்த நாட்டில் பதினோரு ஊர்களில் ஒளிக்கரம் இருக்கிறது. ஊர் திரும்பிவிட்ட ரெங்கசாமிக்குப் போன தை மாதம் இலுப்பூர்க் கிளை சால்வை போர்த்தியது. மைக்கில் மோசஸைப் பற்றிச் சொல்லத்தான் எழுந்தார். நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி சுகுணாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"இத்தன வருசமா எங்கிட்டகூடச் சொல்லலையே! அந்த மனுசனுக்கு ஒரு போன் போடுங்க," என்றாள் அவள்.

போட்டார். தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டார்.

"அப்புறம் மூணு தடவை சங்கத்துல என்னைச் சேரச் சொன்னாங்க, சார்," என்றார் மோசஸ். "போக மனசு வரல. ஆனா, அந்த ஞாயித்துக்கிழமைகள் நல்லா இருந்துச்சு."

அன்றைக்கே ரெங்கசாமி தலைமையகத்துக்கு எழுதினார்: என் பெயரை எடுத்துவிட்டு மோசஸ் பெயரைப் போடுங்கள். தொடக்கப் பட்டியலைத் திருத்த விதியில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அதைச் சொல்ல மோசஸின் நம்பரை எடுக்கிறார், வைக்கிறார். இன்னும் பேசவில்லை.