மையவாடிக்குப் போன போத்தல்

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் நிஸாமைத் தெரியாதவர்கள் குறைவு. புறக்கோட்டையில் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். யாராவது பேச வாயெடுத்தால் "விளங்கிட்டு, விளங்கிட்டு" என்று பாதியிலேயே கிளம்பிவிடுவார். ஜன்னல் அளவைக்கூட முழுதாகக் கேட்பதில்லை. அந்தத் தொடர்மாடியில் பல வீட்டுத் திரைகள் இன்றைக்கும் நிலத்துக்கு நாலு விரல் மேலேதான் நிற்கின்றன.

அவர் மனைவி ஜவாஹிறா முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக உண்டானார். ஸ்கேனில் பிள்ளையோடு ஒரு கட்டியும் தெரிந்தது. கர்ப்பப்பையின் கீழ்ப்பக்கத்தில், பிள்ளை வரும் வழியை மறித்துக்கொண்டு கிடந்தது. சிசேரியன்தான் செய்ய வேண்டும் என்றார் டொக்டர். வழக்கமாக அந்த நேரத்தில் இப்படியான கட்டிகளைத் தொட யோசிப்பார்களாம், இரத்தம் நிற்காமல் போகலாம். இது கத்தி வைக்கும் இடத்திலேயே இருப்பதால் எடுத்தாக வேண்டும், நிலைமை மோசமானால் கர்ப்பப்பையையும் எடுக்க நேரும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். ஜவாஹிறா கேட்டது ஒன்றுதான்: "கட்டிய டெஸ்டுக்கு அனுப்புவீங்கதானே?" அவருடைய உம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில் மவுத்தானபோது அவருக்கு ஒன்பது வயது.

பெண் பிள்ளை பிறந்தது. ஜவாஹிறாவுக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது, ஆனால் கர்ப்பப்பை தப்பியது. நர்ஸ் வெளியே வந்து, மருந்துத் தண்ணீரில் கட்டி கிடந்த போத்தலையும் ஒரு கடிதத்தையும் நிஸாமிடம் நீட்டினார். அதை லாபுக்குக் கொண்டுபோவது வீட்டாரின் வேலை. நர்ஸ் சொல்லி முடிக்கும் முன்பே "விளங்கிட்டு மிஸ்" என்றார் நிஸாம்.

அவருக்கு விளங்கியது வேறு. மூன்று வருடங்களுக்கு முன் சீனி வருத்தத்தில் மாமா மீரா சாஹிபின் அழுகிய காலை வெட்டி எடுத்தபோதும் இப்படித்தான் ஒரு கடிதத்தோடு கொடுத்தார்கள். உடம்பிலிருந்து பிரிந்தது மண்ணுக்குப் போக வேண்டும் என்று நிஸாமே அதைச் சுமந்துபோய் மையவாடியில் அடக்கினார். இப்போதும் நேரே அங்கேதான் போனார். மூடியைத் திறக்க மனம் வராமல், போத்தலை வெள்ளைத் துணியில் சுற்றி அப்படியே அடக்கினார். கடிதத்தை வாசிக்காமலே நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஐந்தாம் நாள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஜவாஹிறா கேட்டார்.

"ரிப்போர்ட் எப்ப தாற என்டு சென்னாங்க?"

"என்ன ரிப்போர்ட்?"

"அந்தப் போத்தல எங்க குடுத்தீங்க?"

"அடக்கிட்டேனே."

ஜவாஹிறா கத்தவில்லை. "எனக்கும் உம்மாக்கு வந்த வருத்தம் இருந்தா, இந்தப் புள்ளைக்கும் உம்மா இல்லாமப் போகும்," என்றார். அப்போதுதான் நிஸாமுக்குப் பயம் வந்தது. அது ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்திருக்க வேண்டியது.

செருப்புக்கூடப் போடாமல் மையவாடிக்கு ஓடித் தோண்டினார். மூடி இறுக்கமாகவே இருந்தது, மருந்துத் தண்ணீரும் குறையவில்லை. கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நேரே லாபுக்குப் போனார். லாபில் இருந்த பெண் போத்தலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்து, என்ன இது என்று சிங்களத்தில் கேட்டாள். நிஸாம் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொன்னார். மருந்துக்குள்ளேயே இருந்ததால் சோதிக்கலாம், பத்து நாள் ஆகும் என்றாள் அவள்.

ரிப்போர்ட் வந்த அன்று ஜவாஹிறாவுக்கு உறையைத் தொடவே கை வரவில்லை. நிஸாம் பிரித்து வாசித்தார். மூன்றாம் வரியிலேயே புற்றுநோய் இல்லை என்று இருந்தது. ஜவாஹிறா அழத் தொடங்கினார். நிஸாம் நிறுத்தவில்லை. கட்டியின் நிறை, கையெழுத்துப் போட்டவரின் பெயர், லாபின் தொலைபேசி எண், ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்ற அறிவித்தல் என்று அடிவரை சத்தமாக வாசித்தார்.

"இன்னொருக்கா வாசிங்க," என்றார் ஜவாஹிறா.