சிவப்பு முகமூடிக்கு ரேங்க் பத்தொன்பது

மேற்கே மலையில் விடாமல் மழை பிடித்து, தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், மதுரை செங்கோட்டை ரயில் நாலு நாள் ஓடாமல் நின்றதே, அந்த வாரம்தான் இது நடந்தது. எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டாளத்துக்காரத் தம்பி வெள்ளிக்கிழமையே ரயிலேறிப் போயிருப்பான். ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டத்துக்கு வந்திருக்க மாட்டான். எனக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் வேலை இருந்திருக்காது.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் பள்ளிக்கூடம் போனவனில்லை.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கிற கம்பெனியில் எடை போடுகிற ஆளாக இருந்தேன். துணி ஈரத்தில் எவ்வளவு, காய்ந்த பிறகு எவ்வளவு என்று நான் சொல்ல, கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். எண் எனக்கு நன்றாகத் தெரியும். தராசைப் பார்த்துப் பார்த்தே படித்தது. ஒரு தரம் பார்த்த எண்ணை மறக்கவும் மாட்டேன். எழுத்துதான் தெரியாது. யாராவது எதையாவது நீட்டி வாசிக்கச் சொன்னால், கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. அது என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

சீட்டு வருவதற்கு முன்னால், எண்பதுகளில், நாங்கள் தீப்பெட்டிப் படம் வைத்து விளையாடினோம். சுற்றிலும் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ்கள். புதுப் படம் போட்ட பெட்டி வந்தால் எங்களுக்கு முதலில் தெரிந்துவிடும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு துணி காயப்போடுகிற களத்தில் உட்கார்ந்து, படத்தைக் குப்புற வைத்து, உள்ளங்கையைக் குவித்துத் தரையில் தட்டினால் படம் புரள வேண்டும். புரட்டியவனுக்குப் படம் சொந்தம். முப்பது வயது தாண்டிய ஆட்கள்தான் எல்லோரும். மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைகுட்டிக்காரனுவ செய்யுத வேலையாய்யா இது" என்பார். போகும்போது காலடியில் கிடக்கிற படத்தை மிதிக்காமல் தாண்டிப் போவார்.

பிறகு கேபிள் வந்தது. வெளிநாட்டு மல்யுத்தக்காரர்கள் வீட்டுக்குள் வந்தார்கள். அவர்கள் படம் போட்ட சீட்டுக்கட்டைச் சிவகாசியில் அடிக்க ஆரம்பித்தார்கள். இராஜபாளையம் கடைவீதியில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்த பாய்தான் முதலில் வாங்கி வந்து போட்டார். ஒரு சீட்டில் ஒரு ஆள். படத்துக்குக் கீழே ஏழு வரி: ரேங்க், உயரம், எடை, மார்பு, புஜம், ஜெயித்த சண்டை, வயசு. ஒருவன் ஒரு வரியைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் சீட்டிலும் அந்த வரியில் பெரிய எண் யாருக்கோ அவனுக்கு ஜெயம். ரேங்க்குக்கு மட்டும் தலைகீழ், சின்ன எண் ஜெயிக்கும்.

புதுக்கட்டு வருகிற ஞாயிறு பாய் கடையில் போட்டி நடக்கும். கடை ஷட்டரைப் பாதி இறக்கி, உள்ளே கோரைப்பாய் விரித்து, பதினாறு பேர் உட்காருவோம். எல்லோரும் வந்த பிறகுதான் கட்டின் மேல் சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளைக் கிழிப்போம். அதற்கு முன் யாரும் பார்த்திருக்கக் கூடாது. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு பேர், தோற்றவன் வெளியே. ஆளுக்கு ஒன்பது சீட்டு. மிச்சம் பெட்டிக்குள். யாரிடம் எது இருக்கிறது, பெட்டிக்குள் எது தூங்குகிறது என்று தெரியாமல் ஆடுவதுதான் புதுக்கட்டின் ருசி. அது கெட்டுவிடக் கூடாது என்று ஒரு முறை வைத்திருந்தோம். இரண்டு பேரும் சீட்டைக் குப்புற வைப்பார்கள். நடுவன் மட்டும் இரண்டையும் எடுத்துப் பார்த்து, ஜெயித்தவன் ஊரைச் சொல்லிவிட்டு, குப்புறவே வைத்துவிடுவான். ஆடுகிறவன் தன் எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் காத்திருக்கிறவனுக்குத் தெரிந்துபோகும்.

முதல் இரண்டு கட்டுக்கு நானும் ஆடினேன். மூன்றாவது கட்டிலிருந்து என்னை நடுவனாக்கினார்கள். தராசில் பொய் சொல்லாதவன் என்று பேர் இருந்தது. அந்தக் கட்டுகளில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அங்கே எல்லோருக்கும் இங்கிலீஷ் தடுமாற்றம்தான். மேல் வரி ரேங்க், அடி வரி வயசு என்று வரிசையை வைத்துத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நானும் ஒளிந்துகொண்டேன்.

இன்னொரு சட்டமும் இருந்தது. நடுவன் சொன்னதைச் சந்தேகப்பட்டுக் கேட்டவனுக்கு அடுத்த புதுக்கட்டில் இடமில்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். சண்டை வரக் கூடாது என்று எல்லோரிடமும் சொன்னேன். எவனாவது சீட்டை என் மூஞ்சிக்கு நேரே நீட்டி வாசித்துக் காட்டச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் உள்ளே இருந்த காரணம்.

பட்டாளத்துக்காரத் தம்பி லீவுக்கு வரும்போதெல்லாம் ஆட வருவான். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அதிகம் பேச மாட்டான். எங்கேயோ வடக்கே பனி மலையில் வேலை. அங்கே இருக்கிறவர்களிடம் எங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தான். ஜெயிக்கிறவனுக்கு அன்றைக்கு ஆடிய கட்டையே பரிசாகக் கொடுப்போம், ஆடியவர்கள் எல்லோரும் பெட்டியில் கையெழுத்துப் போட்டு. அந்தக் கட்டை ஒரு தடவை ஜெயித்து அங்கே கொண்டுபோக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. இரண்டு லீவு வந்து இரண்டிலும் தோற்றிருந்தான்.

அந்த ஞாயிறும் தூறல் விடவில்லை. தம்பி பஸ் பிடித்து நனைந்துகொண்டு வந்தான்.

பாய் கேட்டார், "என்ன தம்பி, ரயில் உமக்காவத்தான் நின்னுச்சோ?"

"தந்தி அடிச்சுட்டேன் பாய். செவ்வாக்கெழம வண்டி விடுதாங்களாம். அதுக்குள்ள ஒங்க கட்ட வாங்கிட்டுப் போயிருதேன்."

"வெல கொடுத்தா ஒம்பது கட்டு தாரேன். ஜெயிச்சு வாங்கணும்னா அண்ணாச்சியக் கேளும்" என்று என்னைக் காட்டினார்.

கண்ணாடித்தாளைக் கிழித்தேன். கூட்டத்தில் ஒரு சந்தோஷச் சத்தம். இந்தக் கட்டில் எழுத்தெல்லாம் தமிழ். முதல் தடவையாக எல்லோரும் தங்கள் சீட்டைத் தாங்களே எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். நான் ஒரு சீட்டை எடுத்து வரியை எண்ணினேன். வரி ஏழுதான் இருந்தது. எண்கள் அதேபோல்தான் இருந்தன. வரிசை மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசி ஆட்டம் தம்பிக்கும் தளவாய்புரத்து டெய்லருக்கும். நாலுக்கு நாலு என்று நின்றது. ஆளுக்கு ஒரு சீட்டு மிச்சம். சொல்ல வேண்டிய முறை தம்பிக்கு. அவன் தன் சீட்டை ஒரு தடவை பார்த்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. குப்புற வைத்துவிட்டு, "ரேங்க்" என்றான்.

இரண்டையும் எடுத்தேன். தம்பியுடையது தாடிக்காரன். டெய்லருடையது சிவப்பு முகமூடி போட்டவன். மேல் வரியில் தாடிக்காரனுக்கு முப்பத்தொன்று, முகமூடிக்கு இருபத்தேழு. சின்ன எண் ஜெயம்.

"தளவாய்புரம்" என்றேன்.

தம்பி என்னையே பார்த்தான். "அண்ணாச்சி, இன்னொருக்கா பாருங்களேன்."

இன்னொரு தடவை பார்த்தேன். அதே மேல் வரியைத்தான். "பாத்துட்டுத்தான சொல்லுதேன்."

"இல்ல, எங்கிட்ட இருந்தது..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான். எண்ணைச் சொல்லக் கூடாது என்பது சட்டம்.

பின்னாலிருந்து ஒருவன், "ஏலே, பட்டாளத்துல குறி தப்புனாலும் இன்னொருக்கா பாருங்கன்னு சொல்லுவியோ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

டெய்லர்தான், "விடுங்கப்பா. லீவு முடியுத வருத்தம்" என்றார். அவர் மேல் குற்றமில்லை. எதிரே என்ன எண் இருந்தது என்று அவருக்கும் தெரியாது.

கேட்டது கேட்டதுதான் என்று எனக்குள் ஒரு வீம்பு. "சந்தேகம்னு கேட்டாச்சு. அடுத்த புதுக்கட்டுல ஒனக்கு எடம் கெடையாது தம்பி. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"சரி அண்ணாச்சி" என்றான். டெய்லருக்குக் கை கொடுத்தான். பெட்டியில் அவனும் கையெழுத்துப் போட்டான். டீயைக் குடித்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

நடுவனுக்கு ஒரு கட்டு கொடுப்பது பாயின் வழக்கம். அதை வீட்டில் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது என் மனைவி அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்ட போடாத ஆம்பளைய படத்த வச்சுக்கிட்டுத்தான் ஞாயித்துக்கெழம பூரா இருக்கியளாக்கும். இவனுக்கு வயசப் பாருங்க, நாப்பத்தொண்ணு."

"வயசு எங்க போட்டிருக்கு?"

"மேலதான் போட்டிருக்கு."

"மேல ரேங்க்குல்லா இருக்கணும்."

"ரேங்க் அடியில கெடக்கு. வாசிக்கத் தெரிஞ்சவ சொல்லுதேன்."

அன்றைக்கு ரேங்க் கேட்ட ஆட்டமெல்லாம் தப்பாகப் போயிருக்கலாம், ஆனால் கட்டு கைமாறியதும் தம்பியைத் தண்டித்ததும் கடைசிச் சீட்டில்தான். தாடிக்காரனைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். "வயசு முப்பத்தொண்ணு, ரேங்க் நாலு" என்று வாசித்தாள். சிவப்பு முகமூடியைக் கொடுத்தேன். "வயசு இருபத்தேழு, ரேங்க் பத்தொம்போது."

நேற்றைய ஆட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை. "இன்னைக்கே போய்ச் சொல்லிட்டு வந்துருங்க. நாளைக்கு அந்தப் புள்ள ரயிலேறிரும்" என்றாள்.

ஷிப்டு முடிந்து டவுன் பஸ் ஏறினேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றால், இரண்டாம் தரமும் எப்படித் தப்பாகப் பார்த்தீர்கள் என்று கேட்பான். அதற்குப் பதில் ஒன்றுதான். அது அவனோடு நிற்காது. டெய்லரிடமிருந்து கட்டைத் திருப்பிக் கேட்க வேண்டும். பதினாறு பேருக்கும் தெரியும். கம்பெனிக்குத் தெரியும். எழுத்து தெரியாதவன் எண்ணை மட்டும் சரியாகச் சொல்வானா என்று எடை மேடையில் கேட்பார்கள். இப்படியே யோசித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன்.

தம்பி வீட்டுக்குள் கறுப்பு டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான்.

"வாங்க அண்ணாச்சி. மழையில வாரியளே, என்ன விசேஷம்?"

"சும்மாதான். நாளைக்குப் போறியே, பாத்துட்டுப் போவோம்னு."

அவன் அம்மா காப்பி கொடுத்தார்கள். குடித்து முடித்தேன். மடியிலிருந்து என் கட்டை எடுத்து நீட்டினேன். "இத வச்சுக்கோ தம்பி. எனக்குக் கொடுத்தது. நீ கொண்டு போ."

வாங்கிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். கையெழுத்து ஒன்றும் இல்லாத பெட்டி. திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"ஜெயிச்ச கட்டக் கொண்டாரேன்னு அங்க சொல்லிட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி. இதக் கொண்டுபோனா பொய் சொன்ன மாதிரி ஆயிரும்." ஒரு சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தான். பிறகு, "தோத்தது பெருசில்ல. எண்ணச் சொல்லாம வாய மூடிக்கிட்டேன். சட்டத்த மதிச்சுத்தான மூடுனேன்? அதுக்குப் பொறவும் எடமில்லன்னுட்டிய. அதான் சங்கடமா இருந்துச்சு" என்றான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும்.  "உடம்பப் பாத்துக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் நடுவனாக உட்காரவில்லை. கண் மங்கிவிட்டது என்று சொன்னேன். அடுத்த புதுக்கட்டு வந்தபோது தம்பி லீவில் ஊரில்தான் இருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். தண்டனையை ஒழுங்காகக் கழித்திருக்கிறான், கடைப் பக்கமே வரவில்லை. அதற்கடுத்து வந்த கட்டுக்கு ஆட ஆள் சேரவில்லை. அவன் குடும்பமும் வீட்டைக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது.

ரொம்ப வருஷம் கழித்து, பாய் கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மா இருந்த காலத்தில், அவரிடம் மட்டும் சொன்னேன். எனக்கு எழுத்து தெரியாது பாய் என்று ஆரம்பித்தேன்.

"அதுதான் தெரியுமே" என்றார். "கடைக்கு அடிச்ச நோட்டீசத் தலகீழாப் பிடிச்சுக்கிட்டு, சரியா இருக்குன்னு சொன்னீரே ஒரு நாள்."

"தெரிஞ்சுக்கிட்டுமா என்னைய நடுவனாக்கினிய?"

"நாங்க வாசிக்கத் தெரிஞ்சவனயா தேடுனோம்? பொய் சொல்லாதவனத் தேடுனோம்."

பிறகு மிச்சத்தையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தத் தம்பிட்ட சொல்லிட்டீரா?" என்றார். இல்லை என்றேன். 

மூடி மூடி வைத்தது, பக்கத்தில் இருந்தவருக்கு முதலிலேயே தெரிந்த விஷயம். அதற்காக ஒரு நேர்மையான பிள்ளையைச் சந்தேகக்காரன் என்று பதினாறு பேர் முன்னால் நிறுத்திவிட்டேன். டெய்லரும் பாயும் இப்போது இல்லை. சொல்ல மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான்.

அவனுக்கு இப்போது அறுபது வயது நெருங்கும். இடது புருவத்தில் தழும்பு இருக்கும். பட்டாளத்தில் இருந்தவன், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் குடியிருந்தவன். இதைக் கேட்கிற நீங்கள் யாராவது அவனை எங்கேயாவது பார்த்தால், உட்கார வைத்துச் சொல்லுங்கள். உன் நாலுக்கு எதிரே இருந்தது பத்தொன்பது. ஜெயித்தவன் நீ. பார்த்தவனுக்கு வாசிக்கத் தெரியாது. நீ திருப்பிக் கொடுத்த கட்டு என் வீட்டில்தான் இருக்கிறது, ஒரு சீட்டும் குறையவில்லை. இதை அப்படியே அவனிடம் சொல்லிவிடுங்கள்.