நான்கு மில்லிமீட்டர்

கழுகு செய்த குற்றம் ஒரே ஒரு வார்த்தை. அதையும் பென்சிலால்தான் எழுதினாள். வேண்டுமென்றால் அழித்துக்கொள்ளலாம் என்று அப்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சொல்லிக்கொள்ளத் தெரிந்தவளுக்கு ரப்பர் எடுக்கத் தெரியவில்லை.

கழுகு என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை, ஆனால் அவள் காதுக்கு வராமலும் போகவில்லை. உள்ளூர அதில் அவளுக்குப் பெருமைதான். பதினெட்டு வயதில் அந்தப் பெரிய கடையின் வளையல் பிரிவில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தவள், இருபத்துமூன்று வருடத்தில் ஆறு கிளைகளுக்கும் நகையும் உடையும் தேர்ந்தெடுக்கும் நாற்காலிக்கு வந்திருந்தாள். சிபாரிசு பிடித்து வரவில்லை. கண்ணை வைத்தே வந்தாள். தனியாக உட்கார்ந்து நகை செய்கிறவர்கள், துணி வடிவமைக்கிறவர்கள் எந்தச் சந்தில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

டிசைனர் என்றதும் பெரிய மூக்குக்கண்ணாடியும் வாயில் நுழையாத பேச்சுமாக ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் கிழிந்த குடைத் துணியில் மேல்சட்டை தைத்த தபால்காரர். ஒருத்தி சலவைக்கடையின் பின்கட்டில் பொத்தான்களைக் கோத்து மாலை செய்துகொண்டிருந்தாள். இப்படி ஏழு பேர். ஏழு பேரின் பெயரும் கடையில் அவரவர் சரக்குக்குப் பக்கத்தில் சின்ன அட்டையில் அச்சாகி நின்றது. கழுகு தன் வாழ்க்கையில் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால், பெற்ற மகளுக்கு அடுத்தபடியாக அந்த ஏழு அட்டைகளைத்தான் சொல்வாள்.

எட்டாவதாகக் கிடைத்தவள் பல்லக்கா.

பழைய உள்விளையாட்டு அரங்கத்தில் மாதம் ஒருமுறை, தங்கள் கையால் செய்ததைத் தாங்களே விற்கிறவர்களுக்கென்று ஒரு கண்காட்சி நடக்கும். தேர்வுக்குழு ஒன்று உண்டு. சொந்த வடிவம் இல்லாதவர்களுக்கு அங்கே மேசை கிடையாது. அரங்கத்தின் கடைசி வரிசையில், கழிப்பறைக்குப் போகிற வழியில், ஒரு மேசையில் பதினோரு ஜோடித் தொங்கட்டான்கள் இருந்தன. பின்னால் நின்றவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பத்து வருடம் பல் செட்டு செய்யும் லேப்பில் வேலை பார்த்தவள். மெழுகில் கடைவாய்ப்பல்லைச் செதுக்கி, அச்செடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றுவது அவளுக்குக் கைவந்த வேலை. அதே மெழுகில், அதே கருவிகளால், இப்போது வெள்ளி நகை. பல்லக்கா என்று பக்கத்து மேசைக்காரர்கள் வைத்த பெயரையே கடைக்கும் வைத்துக்கொண்டாள்.

"வேலைய விட்டுட்டேன் மேடம். ஊரான் வாய்க்குள்ள போறத எவ்வளவு அழகா செஞ்சாலும் யாரு பாக்கப்போறா?" என்றாள்.

கழுகுக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போனது. அடுத்த வாரம் அவள் வீட்டுக்கே போனாள். மெக்கானிக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் பல்லக்காவும் தங்கையும் குடியிருந்தார்கள், இன்னொன்றில் வேலை நடந்தது. சன்னல் ஓரம் மெழுகுக் கட்டிகள், பல் டாக்டர் கையில் பார்க்கிற வளைந்த கம்பிகள், நடுவில் ஒரு ரெட்டை பர்னர் அடுப்பு. அதில் ஒன்றில் டீ கொதித்தது, இன்னொன்றில் மெழுகு. "மாத்தி ஊத்திட்டா சொல்லுங்க" என்று தங்கை சிரிக்காமல் சொன்னாள். அவள் காதில்தான் அந்த ஜோடி தொங்கிக்கொண்டிருந்தது.

பாதி உரித்த பட்டாணிக்காய். உள்ளே மூன்று மணி, மூன்றும் மூன்று அளவு. கழுகு இருபத்துமூன்று வருடத்தில் ஆயிரக்கணக்கான தொங்கட்டான்களைப் பார்த்திருக்கிறாள். இதைப் பார்த்ததும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அது விக்கிறதுக்கு இல்லக்கா" என்றாள் பல்லக்கா. இரண்டாவது டம்ளர் டீக்குள் மேடம் அக்காவாகியிருந்தாள். "இவளுக்கு மட்டும் பண்ணது. சின்ன வயசுல இடது காது கிழிஞ்சு தையல் போட்டாங்க. தையலுக்கு மேல நாலு மில்லி தள்ளித்தான் மறுபடி குத்த முடிஞ்சுது. என்ன கம்மல் போட்டாலும் ஒண்ணு மேல ஒண்ணு கீழ தொங்கும். கண்ணாடி பாக்கவே மாட்டா. அதனால இடது காம்ப மட்டும் நாலு மில்லி நீட்டிட்டேன். போட்டா ரெண்டும் சமமா நிக்கும்."

தங்கை தலையை ஆட்டிக் காட்டினாள். சமமாகத்தான் நின்றது.

அந்த ஜோடியைக் கழுகு இரவல் கேட்டாள். பத்து நாளில் திருப்பித் தருகிறேன், மேலாளரிடம் காட்டிவிட்டு வருகிறேன், உங்கள் பெயர் அட்டையில் வரும் என்றாள். அப்போது அவள் பொய் சொல்லவில்லை. தங்கைதான் கொஞ்சம் தயங்கினாள். பிறகு தானே கழற்றிப் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

பழைய மேலாளர் ஓய்வுபெற்று நான்கு மாதம் ஆகியிருந்தது. புதியவர் சுறுசுறுப்பானவர். சுறுசுறுப்பான ஆட்களால் உலகத்துக்கு எவ்வளவு கெடுதல் என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது. அவர் தொங்கட்டானைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"அருமையா இருக்கு. ஃபேக்டரிக்கு அனுப்பிடுங்க."

"சார், இது அவங்க டிசைன். பேர் போட்டு எடுக்கறதுதான் நம்ம வழக்கம்."

"பேர் போட்டா அவங்க வளருவாங்க. நாம எதுக்கு இருக்கோம்? சீட்டு எழுதி அனுப்புங்க."

ஃபேக்டரிக்குப் போகிற ஒவ்வொரு மாதிரியோடும் ஒரு சீட்டு கட்டவேண்டும். உலோகம், எடை, அளவு, கடைசியாக 'யாருடையது'. அந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தால், அந்தப் பெயருக்கு உரியவரின் கையெழுத்து வராமல் ஃபேக்டரி தொடாது. 'சந்தை' என்று இருந்தால் பொதுவில் கிடைத்த பொருள், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கழுகு அன்று மாலை வரை அந்தச் சீட்டை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்த்துப் பேசலாம். பேசினால் நாற்காலி போகும். மகள் கல்லூரியில் முதல் வருடம், கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் மாதச் சம்பளக்காரர். எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு பென்சிலை எடுத்தாள். 'சந்தை' என்று எழுதினாள். காம்பின் நான்கு மில்லி வித்தியாசத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எழுதினால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொன்னால் யாருக்கு என்று சொல்லவேண்டிவரும்.

பத்து நாள் ஐந்து வாரமானது. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இப்போதைக்கு ஆபீஸ்ல வேணாம்னுட்டாங்க" என்று மென்று விழுங்கினாள். கை சும்மா இருக்கவில்லை. வழியில் வாங்கிய ஒரு பெரிய சாக்லேட் பெட்டியையும் டப்பாவோடு சேர்த்து நீட்டினாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்?" என்றாள் பல்லக்கா. முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனாலும் வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

பட்டாணித் தொங்கட்டான் ஆறு கிளைகளிலும் சக்கைப்போடு போட்டது. மூன்றாவது வாரத்தில் புகார்கள் வரத் தொடங்கின. ஒன்று நீளம், ஒன்று குட்டை. மேலாளர் ஃபேக்டரியை ஃபோனில் பிடித்துத் திட்டித் தீர்த்தார். மாதிரி எப்படி இருந்ததோ அப்படியே செய்தோம், ஒரு மயிரிழை மாறவில்லை என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். "விடுங்க. அதுதான் இப்ப ஸ்டைலுன்னு போர்டு வெச்சிடுங்க" என்றார் மேலாளர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கழுகும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் அதே ஜோடியை வாங்கிக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றாள்.

"அம்மா, உங்க கடை சரக்கு லட்சணத்தப் பாரு. ஒண்ணு தொங்குது."

"கழட்டு" என்றாள் கழுகு.

"ஏன், நல்லாத்தான் இருக்கு. தலைய சாச்சு வெச்சுக்கிட்டா தெரியாது."

"கழட்டுன்னு சொல்றேன்ல." குரல் உயர்ந்ததில் அவளுக்கே திடுக்கென்றது. மகள் ஒன்றும் புரியாமல் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பல்லக்கா ஃபோனில் வந்தாள். குரல் கம்மியிருந்தது.

"அக்கா, கண்காட்சில என் மேசைய எடுத்துட்டாங்க. உங்க கடை விளம்பரத்தையும் பட்டாணித் தொங்கட்டான் போட்ட என் தங்கச்சி ஃபோட்டோவையும் பக்கத்துல வெச்சு, பெரிய கடை டிசைன நான் திருடிட்டேன்னு யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. குழு வெள்ளிக்கிழமை கூடுது. அந்த டிசைன் உங்க கடைக்கு எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியலக்கா, ஃபேக்டரில யாராவது கண்காட்சில பாத்திருப்பாங்க போல. நீங்கதான் மொதல்ல பாத்தீங்க. கடைல வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே பாத்தேன்னு ஒரு லெட்டர் மட்டும் கொடுங்க. வேற யாரும் எனக்குச் சாட்சி இல்ல."

சந்தேகம் என்று ஒன்று அந்தக் குரலில் மருந்துக்கும் இல்லை.

"ஆபீஸ்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஃபோன் வந்தது, எடுக்கவில்லை. புதன்கிழமை இரண்டு முறை வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள், அதுவாக நின்றது. இருபத்துமூன்று வருடம் யாரும் பார்க்காததைப் பார்த்துச் சம்பாதித்தவள், ஒரு ஃபோனைப் பார்க்காதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேலை போனா போகட்டும்னு வீரமா சொல்ல எனக்கும் ஆசைதான்" என்றார். "ஆனா போயிடுமேன்னு பயமாவும் இருக்கு. நீ என்ன பண்ணப்போற?"

"தெரியல. ராத்திரி படுத்தா அந்தப் பொண்ணு காதுலேருந்து கழட்டிக் குடுத்தது ஞாபகம் வருது."

"அப்ப தெரியலன்னு ஏன் சொல்ற?"

அலுவலகத்துக்குப் போகவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். முதலில் எழுதியதில் தேதி மட்டும் இருந்தது; எந்தத் தேதியில் எங்கே பார்த்தேன் என்று. அதுவே போதும், பல்லக்காவுக்கு மேசை திரும்பக் கிடைத்துவிடும், தன் தலையும் தப்பும். படித்துப் பார்த்தாள். அதுவும் பென்சிலால் எழுதிய மாதிரியே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

'இந்த வடிவம் இவருடையது. இவருடைய தங்கையின் காதுக்காகச் செய்தது. இடது காம்பு நான்கு மில்லிமீட்டர் நீளமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். எங்கள் கடையில் விற்கும் ஒவ்வொரு ஜோடியிலும் அதே நான்கு மில்லிமீட்டர் இருக்கிறது, அளந்து பார்க்கலாம். இரவல் வாங்கிப் போனது நான். சீட்டில் சந்தை என்று எழுதி ஃபேக்டரிக்கு அனுப்பியதும் நான்.' பெயர், பதவி, கையெழுத்து. ஒரு பிரதியை மேலாளருக்கும் அனுப்பிவிட்டுப் புறப்பட்டாள்.

கதவைத் திறந்தது தங்கை. காதில் ஒன்றும் இல்லை.

"போடலையா?" என்று கேட்டுவிட்டாள் கழுகு.

"எங்க போனாலும் அந்தக் கடைல வாங்குனதான்னு கேக்கறாங்க. கழட்டி வெச்சுட்டேன். உள்ள வாங்கக்கா, அவ உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கா."

பல்லக்கா மெழுகுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "எனக்குத் தெரியும், நீங்க வருவீங்கன்னு" என்று கடிதத்தை வாங்கினாள். சன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தாள். பல்லைச் செதுக்கிப் பழகியவள், ஒவ்வொரு எழுத்தாகத்தான் படிப்பாள் போலிருந்தது. பாதியில் அவள் தோள் அசையாமல் நின்றது. முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு தங்கையிடம் நீட்டினாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கழுகு வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அடுப்பில் எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது, டீயா மெழுகா தெரியவில்லை. யாரும் அதை இறக்கவில்லை.

"அந்தச் சாக்லேட் பொட்டி" என்றாள் பல்லக்கா கடைசியில். திட்டுகிற குரல் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற குரல். "அத ஒரு வாரம் வெச்சு வெச்சு சாப்பிட்டோம். ஆபீஸ்ல வேணாம்னு சொன்னாக்கூட எவ்வளவு நல்ல மனசு பாருன்னு தெனமும் இவகிட்ட சொல்லிக்கிட்டே சாப்பிட்டேன். அத வாங்கும்போதே உங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் கழுகு.

பல்லக்கா தலையசைத்தாள். தங்கையிடமிருந்து கடிதத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் உறையில் போட்டாள். வாசல்வரை வந்து, படியில் இறங்க வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"லெட்டருக்கு ரொம்ப நன்றி மேடம்" என்றாள்.