அரண்மனை வாசலில் உம்மாவின் கைலி

உம்மாவின் பெட்டியில் எல்லாத் துணிக்கும் மேலாக ஒரு பழுப்புக் கைலி இருக்கும். சாய்வான கோடுகள், அவற்றுக்கிடையே அலை போன்ற வளைவுகள். கல்யாணமான புதிதில் வாப்பா ஜாவாவிலிருந்து அனுப்பியது. காரைக்காலில் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. பெருநாளன்று மட்டும் கட்டுவாள்.

வாப்பாவுக்கு அங்கே யோக்யகர்த்தாவில் துணிக்கடை. நான் பள்ளிப் படிப்பை முடித்த வருடம் எங்கள் இருவரையும் கப்பலில் வரவழைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஊருக்குப் பக்கத்திலிருந்த பிரம்பானன் கோயிலின் கருங்கல் சிற்பங்களில் இருந்த இராமாயணக் கதையை வாப்பாவுக்கே நான்தான் விளக்கினேன். அத்தனை பெருமையும் அரண்மனை வாசல்வரைதான்.

கடை நின்ற நிலம் அரண்மனைக்குச் சொந்தம். அங்குள்ள அதிகாரி மனம் வைத்துக் குத்தகையைப் புதுப்பிக்காவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும். அவர் மனைவி எங்களைப் பார்க்க விரும்பியதால் மூவரும் கிளம்பினோம். கைலியின் மேல் உம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தியபடி வந்தபோது வாப்பா தடுத்தார்.

"இந்த ஊர்ல யாரும் போத்துறதில்ல புள்ள. மானத்த வாங்காத."

உம்மா அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வாசலில் முதிய காவலர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். உம்மாவின் கைலியைக் காட்டி, படித்த எனக்கும் புரியாத ஜாவா மொழியில் ஏதோ சொன்னார். வாப்பா அப்போதுதான் அதைக் கவனித்தார். முகம் வெளுத்தது.

"வெயிலா இருக்காம், போத்திக்கச் சொல்றாரு."

"வெயிலுக்கு ஏன் என் கைலியக் காட்டுறாரு?"

வாப்பா குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கோடு ராஜா குடும்பத்துக்கு மட்டும் உள்ளது. வெளியில யாரும் கட்டலாம், அரண்மனைக்குள்ள மத்தவங்க கட்டக் கூடாது."

"தெரிஞ்சுதான் அனுப்புனீங்களா?"

"காரைக்கால்ல யாருக்குத் தெரியப்போவுது?"

சொன்னதில் தவறிருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை. உள்ளே அதிகாரி காத்திருந்தார். உம்மா திரும்பி நடந்தால் கடை போய்விடும்.

"காலையில மானம் போவுதுன்னு எடுக்கச் சொன்னீங்க. இப்ப அதே மானத்துக்குப் போத்தச் சொல்றீங்க" என்றாள் உம்மா. துப்பட்டியை உதறிக் கால்விரல்வரை மூடிக்கொண்டாள். காவலர் வழிவிட்டார். குத்தகையும் கிடைத்தது.

வெளியே வந்ததும் துப்பட்டியைக் கழற்றி வாப்பாவின் கையில் கொடுத்தாள். கடைத்தெரு முழுக்க அந்தக் கோடுகள் தெரிய, எங்களுக்கு முன்னால் நடந்தாள். "மெதுவாப் போ புள்ள" என்று வாப்பா பின்னாலேயே வந்தார்.

நானும் உம்மாவும் காரைக்காலுக்குத் திரும்பிவிட்டோம். இப்போதும் வாப்பா அங்கிருந்து கைலி அனுப்புகிறார். பொட்டலத்தைப் பிரித்ததும் உம்மா என்னைக் கூப்பிடுகிறாள்.

"இத எங்க கட்டக் கூடாதுன்னு கேட்டு எழுது."

எழுதுகிறேன். பதில் வரும்வரை அவள் அதைத் தொடுவதில்லை.